காற்றா, அமைதியா? திருகோணமலையில் சத்தம் வாடகைக்குள் நுழையும் வழி

திருகோணமலையில் வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். தண்ணீர் எப்படி, கரண்ட் மீற்றர் தனியா, மோட்டார் சைக்கிள் விட இடமிருக்கா, எத்தனை மாத முற்பணம். சத்தம் எப்படி என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. வீடு பார்ப்பதும் பெரும்பாலும் சனி, ஞாயிறு பின்னேரங்களில்தான். அந்த நேரத்தில் கண்டி வீதிகூடச் சற்று அடங்கிக் கிடக்கும். குடிவந்த முதல் திங்கட்கிழமை விடிகாலை ஐந்தரைக்கு முதல் பஸ்ஸின் ஹோர்ன் அடிக்கும்போதுதான் வாடகை கொடுத்து எதை வாங்கியிருக்கிறோம் என்பது தெரியவரும்.

சத்தத்துக்கு விலை உண்டு. உலகின் பல நகரங்களில் அதை டெசிபல் என்ற ஒலி அலகின் கணக்கில் அளந்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கணக்கை அப்படியே தூக்கிவந்து நம் ஊர் வாடகைமேல் போட்டுப் பார்த்தால் தப்பான விடைதான் வரும். குளிர்நாட்டில் யன்னல் மூடியிருக்கும். இங்கே யன்னல் திறந்திருக்க வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டால், வாடகைத் தொகையில் தெரியவேண்டிய சத்தத்தின் விலையில் பெரும்பகுதி திருகோணமலையில் மின்பட்டியலில் வந்து விழுகிறது. இன்னொரு பகுதி, வீட்டுக்காரரின் பக்கத்தில், வீடு வெறுமையாகக் கிடக்கும் மாதங்களாகக் கழிகிறது.

சத்தத்தின் விலையைப் பிரித்தெடுப்பது

வாடகை என்பது அறைகளின் எண்ணிக்கை, எத்தனையாவது மாடி, கட்டடத்தின் வயது, பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் உள்ள தூரம், கடல் தெரிகிறதா என்பவை எல்லாம் கலந்த ஒரு தொகை. ஆயிரக்கணக்கான வீடுகளின் வாடகையையும் இந்த விவரங்களையும் ஒன்றாக அடுக்கி, மற்றவை சமமாக இருக்க ஒரு டெசிபல் கூடினால் வாடகை எவ்வளவு இறங்குகிறது என்று பார்ப்பது பொருளியலாளர் வழக்கம். இந்த முறைக்குக் கோட்பாட்டு அடித்தளம் போட்டது ஷெர்வின் ரோசன் 1974இல் எழுதிய கட்டுரை.

சொல்வது சுலபம், செய்வதில் ஒரு பொறி இருக்கிறது. சத்தம் எங்கே கூடவோ அங்கேதான் வசதியும் கூட. நம் ஊரையே எடுங்கள். பஸ் நிலையம், பத்திரகாளி அம்மன் கோவில், சந்தை, வங்கிகள், பெரிய பாடசாலைகள் எல்லாம் நடந்துபோகும் தூரத்துக்குள் அடுக்கியிருக்கும் நகர நடுப்பகுதியில் வாடகை கூட. சத்தமும் கூட. தூரத்தைக் கணக்கில் சேர்க்காமல் வெறுமனே ஒப்பிட்டால் சத்தம் கூடக் கூட வாடகையும் கூடுகிறது என்ற தலைகீழ் முடிவு வரும். "ரோட்டுக் கரை வீட்டுக்குத்தான் டிமாண்ட்" என்று தரகர் சொல்வது பொய்யில்லை. அவர் வசதியின் விலையைச் சொல்கிறார். அதற்குள் சத்தத்துக்கான தள்ளுபடி ஒளிந்திருக்கிறது.

இந்தப் பொறியிலிருந்து தப்ப ஆய்வாளர்கள் தேடுவது, வீடும் வீதியும் பாடசாலையும் அப்படியே இருக்கச் சத்தம் மட்டும் மாறிய ஒரு தருணத்தை. சூரிச்சில் அது கிடைத்தது. தன் வான்பரப்பு வழியாக அதிகாலையிலும் இரவிலும் சூரிச் விமான நிலையத்தில் இறங்கும் விமானங்களுக்கு ஜெர்மனி கட்டுப்பாடு போட்டதால் 2003இல் விமானப் பாதைகள் மாறின. அதுவரை அமைதியாக இருந்த குடியிருப்புகளின் கூரைக்கு மேலே விமானம் பறக்கத் தொடங்கியது. அந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னுமான தொடர்மாடி வாடகைகளை ஒப்பிட்டு 2011இல் வெளிவந்த ஆய்வு, ஒரு டெசிபலுக்கு வாடகை சுமார் 0.5 வீதம் இறங்கியதாகக் கண்டது. ஜெனீவாவின் வாடகைகளை வைத்து 2005இல் வந்த ஆய்வில் இது சுமார் 0.7 வீதம். அமெரிக்க விமான நிலையங்களைச் சுற்றிய வீட்டு விலைகள் பற்றிய பல ஆய்வுகளை ஜோன் நெல்சன் 2004இல் தொகுத்துப் பார்த்தபோதும் 0.5 முதல் 0.6 வீதம் என்றே வந்தது. வாடகை வேறு, விற்பனை விலை வேறு என்றாலும் எண்கள் ஒரே அயலில் நிற்கின்றன.

ஒரு டெசிபலுக்கு அரை வீதம் என்றால் மிகச் சிறிய தொகையாகத் தோன்றும். ஆனால் ஒரே கட்டடத்தில் வீதியைப் பார்த்த அறைக்கும் பின்வளவைப் பார்த்த அறைக்கும் இடையில் 10 முதல் 20 டெசிபல் வித்தியாசம் இருப்பது சாதாரணம். நடுவில் 15 என்று எடுப்போம். மாத வாடகை 40,000 ரூபா என்று வைத்துக்கொண்டால், 15 டெசிபலுக்கு 7.5 வீதம், அதாவது மாதம் 3,000 ரூபா. ஜெனீவாக் கணக்கில் 4,200 ரூபா. திருகோணமலையில் மேல்மாடியின் முன்வீட்டையும் பின்வீட்டையும் ஒரே வாடகைக்குக் கொடுக்கும் வீட்டுக்காரர்கள் நிறையப் பேர். முன்வீட்டில் பல்கனி இருக்கிறது என்று அதற்கு இரண்டாயிரம் கூட்டிக் கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

ஏன் இங்கே தள்ளுபடி கண்ணுக்குத் தெரிவதில்லை

முதற் காரணம் குடிவருபவர்கள் யார் என்பதில் இருக்கிறது. திருகோணமலையில் வாடகைக்கு வருபவர்களில் பெரும்பகுதியினர் இடமாற்றத்தில் வரும் அரச உத்தியோகத்தர்கள், ஆசிரியர்கள், வைத்தியர்கள், தாதியர், வங்கி ஊழியர்கள், கோணேசபுரி வளாகத்து விரிவுரையாளர்கள். முதலாம் திகதி கடமையேற்க வேண்டியவருக்கு ஊரைச் சுற்றிப் பார்க்க நேரம் இருக்காது. ஒரு ஞாயிறு வந்து, இரண்டு மூன்று வீடு பார்த்து, முற்பணம் கொடுத்துவிட்டுப் போவார். சத்தம் அவருக்குத் தெரியவருவது முற்பணம் கைமாறிய பிறகு.

அதன்பின் அவர் வாடகையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசுவதில்லை. முற்பணம் கழியும்வரை பொறுத்திருந்து வேறு வீடு பார்க்கிறார். அதாவது சத்தம் வாடகையை இறக்காமல் ஆளை மாற்றுகிறது. வீட்டுக்காரருக்கு இதன் கணக்கு வேறு மாதிரி வரும். வருடத்தில் ஒரு மாதம் வீடு வெறுமையாகக் கிடந்தால் இழப்பு பன்னிரண்டில் ஒன்று, 8.3 வீதம். சூரிச் கணக்கில் அது 16, 17 டெசிபலுக்கான தள்ளுபடிக்குச் சமம். போதாததற்கு ஒவ்வொரு ஆள் மாறும்போதும் சுவருக்குப் பெயின்ற், தரகர் கூலி, உடைந்த பூட்டு. வாடகையைக் குறைக்க மாட்டேன் என்று நிற்கும் வீட்டுக்காரர் அந்தத் தள்ளுபடியை வேறு வழியில் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்.

டெசிபலைக் கொஞ்சம் கிட்ட வைத்துப் பார்த்தால்

டெசிபல் ரூபாவைப் போலக் கூட்டிக் கழிக்கும் அளவு அல்ல. ஒலியின் ஆற்றல் இரு மடங்கானால் 3 டெசிபல்தான் கூடும். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்கும். நெரிசலான வீதியில் வாகனங்கள் பாதியாகக் குறைந்தாலும் இறங்குவது 3 டெசிபல் மட்டுமே. வீதியிலிருந்து உள்ள தூரத்தை இரட்டிப்பாக்கினாலும் அதே 3தான் இறங்கும். வீதி ஒரு நீண்ட கோடு, அது முழுவதிலிருந்தும் சத்தம் வருகிறது. ஒற்றை ஜெனரேட்டர் மாதிரி ஓரிடத்தில் நிற்கும் மூலம் என்றால் தூரம் இரட்டிக்கும்போது 6 இறங்கும். ஆகவே "வீதியிலிருந்து இருபது மீற்றர் உள்ளே" என்ற விளம்பர வரிக்கு நாம் நினைக்கும் அளவு மதிப்பில்லை. நடுவில் ஒரு வரிசைக் கட்டடம் மறைக்கிறதா என்பதுதான் பெறுமதியான கேள்வி.

சராசரி பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரவு ஒரு மணிநேரம் முழுக்க 45 டெசிபலில் அமைதியாக இருக்கிறது என்று வைப்போம். அந்த மணிநேரத்தில் 6 பாரவூர்திகள் தலா 10 செக்கன், 75 டெசிபலில் கடந்து போகின்றன. மொத்தம் ஒரே ஒரு நிமிடம். ஆற்றலைக் கூட்டிச் சராசரி எடுத்தால் அந்த மணிநேரத்தின் அளவு 57.5 டெசிபல். மிச்சம் 59 நிமிட அமைதியால் அதைக் கீழே இழுக்க முடியவில்லை. தூங்குகிறவரின் உடம்பும் ஏறக்குறைய இப்படித்தான் கணக்குப் போடுகிறது. விழிப்பு வருவது அந்த ஆறு தடவைகளில்தான்.

யன்னலும் மின்பட்டியலும்

உலக சுகாதார நிறுவனம் 1999இல் தந்த வழிகாட்டலில் படுக்கையறைக்குள் இரவுச் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக்கூடாது என்றது. யன்னல் சற்றுத் திறந்திருந்தால் சுவர் மொத்தமாகத் தடுப்பது 15 டெசிபல் என்று எடுத்து, வெளியே 45 என்று கணக்கிட்டார்கள். ஐரோப்பாவுக்காக 2018இல் வெளியிட்ட வழிகாட்டலிலும் வீதி வாகனச் சத்தத்துக்கு இரவில், வீட்டுக்கு வெளியே, 45 டெசிபலையே வைத்தார்கள்.

நம் நாட்டுச் சட்டத்தின் பக்கம் வருவோம். தேசிய சுற்றாடல் சட்டத்தின்கீழ் 1996இல் வந்த ஒலிக் கட்டுப்பாட்டு ஒழுங்குவிதிகள், மாநகர சபை, நகர சபைப் பகுதிகளை நடுத்தரச் சத்தப் பகுதி என்று வகுத்துப் பகலில் 63, இரவில் 50 டெசிபல் என்று எல்லை வைத்தன. பிரதேச சபைப் பகுதிகளுக்கு 55, 45. வைத்தியசாலை, பாடசாலை, நீதிமன்றம், பொது நூலகம் போன்றவற்றின் எல்லையிலிருந்து 100 மீற்றருக்குள் 50, 45. கட்டட வேலைக்குப் பகலில் 75, இரவில் 50. நகர எல்லைக்குள் இரவு 50 டெசிபல் சட்டப்படி சரி. யன்னலைத் திறந்து வைத்தால் அது உள்ளே 35 ஆக வரும். சட்டத்தை எல்லோரும் கடைப்பிடித்தால்கூட, காற்றுக்கு யன்னல் திறந்து படுப்பவருக்கு 5 டெசிபல் உதைக்கிறது. வீதியோர வீட்டில் இரவு 60 என்றால் உள்ளே 45. அதில் தூக்கம் கலையும்.

இங்கேதான் கேள்வி வருகிறது, காற்றா அமைதியா என்று. யன்னலை மூடினால் அறை வெந்துபோகும். கச்சான் காற்று அடிக்கும் ஜூன், ஜூலையில் கொங்கிறீட் தட்டுக்கு நேர்கீழே இருக்கும் மேல்மாடி அறை நள்ளிரவிலும் சூடு இறங்காது. ஆகவே மூடினால் ஏசி வேண்டும். 12,000 பிடியூ இன்வேர்ட்டர் ஏசி இரவு 8 மணிநேரம் ஓடினால் சுமார் 5 அலகு, மாதம் 150 அலகு. ஏசி இல்லாமல் மாதம் 80 அலகு எரிக்கும் குடும்பம் 230க்குப் போகும். வீட்டுப் பாவனைக் கட்டணம் 60, 90, 120, 180 என்று படிப்படியாக ஏறுவதால் இந்தத் தாவல் வெறும் 150 அலகின் விலையோடு நிற்காது. 180ஐத் தாண்டியவருக்கு நிலையான கட்டணமும் உயர்ந்த படிக்குப் போகும். கட்டணம் அடிக்கடி திருத்தப்படுவதால் உங்கள் கடைசிப் பட்டியலை வைத்தே கணக்குப் போடுங்கள். ஓர் அலகு 40 ரூபா என்று வைத்தாலே 6,000 ரூபா வருகிறது. மேலே 15 டெசிபலுக்கு வாடகையில் வரவேண்டிய தள்ளுபடி என்று பார்த்தது 3,000.

வெயிலுக்காக எப்படியும் ஏசி போடுகிறவருக்கு இந்தக் கணக்கு இறங்கும் என்பது உண்மை. அவருக்கு வித்தியாசம் வருவது வாடைக்காற்று வீசும் மார்கழி, தை போன்ற மாதங்களில்தான். அப்போது பின்வளவு வீட்டில் இருப்பவர் யன்னலைத் திறந்து, ஃபேனோடு படுக்கிறார். முன்வீட்டில் இருப்பவர் குளிர்ந்த காற்று வெளியே வீச, உள்ளே ஏசியைப் போட்டுக்கொண்டு படுக்கிறார்.

ஃபேன் பற்றி ஒரு சிறு குறிப்பு. முழு வேகத்தில் சுற்றும் சீலிங் ஃபேன் சீரான ஓர் இரைச்சலைப் போட்டு, வெளியே இருந்து வரும் மெல்லிய சத்தங்களை மூடிவிடுகிறது. பலருடைய வீடு அமைதியாகத் தோன்றுவதற்குக் காரணமே அதுதான். கரண்ட் போனால் அந்தத் திரை விலகும். அதே நிமிடத்தில் பக்கத்துக் கடைகளின் ஜெனரேட்டர்களும் இயங்கத் தொடங்கும். 2022 மார்ச்சில் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்தபோது எத்தனையோ பேர் தங்கள் வீட்டின் உண்மையான சத்தத்தை முதன்முதலாகக் கேட்டார்கள்.

ஊரின் சத்த வரைபடம்

கண்டி வீதி, அநுராதபுரச் சந்தி, வடகரை வீதி ஆகியவற்றில் பகல் முழுக்க ஓட்டம். ஆனால் வாடகைக்குச் சேதம் செய்வது பகல் அல்ல, காலை ஐந்து முதல் ஏழுவரையும் இரவு பத்துக்குப் பின்னும். சந்தியில் நின்று கிளம்பும் வாகனம், நேரே ஓடும் வாகனத்தைவிடச் சத்தம் கூட. ஹோர்ன் அடிப்பதும் சந்தியில்தான். ஆகவே ஒரே வீதியில் சந்தியிலிருந்து நூறு மீற்றர் தள்ளிய வீடு வேறு வீடு. உவர்மலையை அமைதியான இடம் என்பார்கள், பெரும்பாலும் சரிதான். ஆனால் ஏற்றம் உள்ள வீதியில் கியரைக் குறைத்து இழுத்துக்கொண்டு ஏறும் ஓட்டோவும் தண்ணீர் பவுசரும் சமதரையில் ஓடும்போது போடாத சத்தத்தைப் போடும். மேட்டில் வீடு பார்ப்பவர் வாசலுக்கு முன்னால் உள்ள சரிவைப் பார்க்க வேண்டும்.

ரயில் பாதையோரம் சராசரியை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். திருகோணமலைக்கு வந்துபோகும் ரயில்கள் ஒரு கையின் விரல்களுக்குள் அடங்கும். நாள் முழுக்கச் சராசரி எடுத்தால் ஒன்றும் தெரியாது. ஆனால் கடவையில் ஊதும் ஊதல், விடிகாலையில், திறந்த யன்னல் வழியாக வருகிறது. கடவைக்கு அருகிலுள்ள வீட்டுக்கும் இரண்டு கடவைகளுக்கு நடுவிலுள்ள வீட்டுக்கும் இதில் பெரிய வேறுபாடு உண்டு.

உப்புவெளி, அலஸ்தோட்டம் பக்கம் சத்தம் பருவத்தோடு வரும். சித்திரை முதல் புரட்டாதிவரை உல்லாசப் பயணிகள் காலம். ஹோட்டல்களின் இசை, கல்யாண மண்டபம், வாடகை வான்களின் போக்குவரத்து. இந்த இசையில் தொந்தரவு செய்வது பாட்டை விட அதன் அடித்தாளம். 63 ஹேர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலி சுவரையும் கண்ணாடியையும் சுலபமாகக் கடக்கும். டெசிபல் மீற்றரில் வழக்கமாக வைக்கும் ஏ நிறையிடல், அதாவது காதுக்குக் குறைவாகக் கேட்கும் தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துக் கணக்கிடும் அமைப்பு, அந்த அதிர்வெண்ணில் 26 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் காட்டும். மீற்றர் 45 என்று காட்டும், நெஞ்சுக்குள் தாளம் இடிக்கும். மீற்றரைத் தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் கழிக்காத சீ நிறையிடலுக்கு மாற்றி, இரண்டுக்கும் இடையில் 15, 20 டெசிபல் வித்தியாசம் வந்தால் பிரச்சினை தாழ்ந்த ஒலிதான் என்று அறியலாம். அதற்கு யன்னல் மாற்றுவது பெரிதாக உதவாது, ஒலிபெருக்கி இருக்கும் இடத்தில்தான் குறைக்க வேண்டும். வீடு நகர எல்லைக்குள்ளா, பிரதேச சபை எல்லைக்குள்ளா என்பதையும் கேட்டுவையுங்கள். பிரதேச சபைப் பகுதியாக இருந்தால் சட்டத்தின் எல்லை கடுமையானது.

டைக் வீதிக் கடற்கரையில் அலை அடிக்கும் சத்தம், அளந்து பார்த்தால், நடுத்தர வீதி ஒன்றின் சத்தத்துக்குக் குறையாது. ஆனால் அதற்காக வாடகையைக் குறைக்கச் சொல்பவர் யாருமில்லை, கூட்டிக் கொடுக்கிறார்கள். சீராக, திடீர்த் தாவல் இல்லாமல், ஒரு செய்தியும் சொல்லாமல் வரும் ஒலியைக் காது விட்டுவிடும். அதே கரையில் அதிகாலை கிளம்பும் வள்ளத்தின் எஞ்சினை அது விடாது. டெசிபல் ஒன்றாக இருந்தும் விலை இரண்டாகப் பிரிவது இதனால்தான்.

காற்றையும் மறக்கக்கூடாது. காற்று வீசும் திசையில் ஒலி கீழ்நோக்கி வளைந்து தூரம் போகும், எதிர்த்திசையில் மேலே வளைந்து கலைந்துவிடும். வீதிக்குக் கிட்டவுள்ள வீட்டுக்கு இது பெரிதல்ல. சில நூறு மீற்றர் தள்ளிய வீட்டுக்கு முழு வித்தியாசமும் இதுதான். மேற்கே இருந்து கச்சான் வீசும் மாதங்களில், கண்டி வீதிக்குக் கிழக்கே உள்ள வீடுகளுக்கு வீதியின் இரைச்சல் வந்து சேரும். வாடை வீசும்போது அது போய்விடும். உள்துறைமுகக் கரையில், காற்றில்லாத இரவுகளில், நீருக்கு மேலே குளிர்ந்த காற்று படிந்து ஒலியைத் தண்ணீரோடு ஒட்டி அனுப்பும். அப்போது அக்கரையில் விழும் ஓர் இரும்புத் துண்டின் சத்தம் இக்கரைப் படுக்கையறைக்குள் கேட்கும். தை மாதத்தில் பார்த்துப் பிடித்த வீடு ஆடியில் வேறாக இருப்பதன் காரணங்களில் ஒன்று இது.

ஒரு சதுர அடி ஓட்டை

சத்தத்தைத் தடுக்க வீட்டுக்காரர் செலவழிக்கத் தயாராகும்போது நடக்கும் மிகப் பெரிய பிழை, கண்ணாடியில் பணத்தைக் கொட்டுவது. 10 அடிக்கு 10 அடி வீதிப்பக்கச் சுவரை எடுங்கள். இரு பக்கமும் பூசிய 6 அங்குலச் சீமெந்துக் கல் சுவர் 45 டெசிபல் அளவுக்குத் தடுக்கும். நன்றாக இறுக மூடும் 6 மில்லிமீற்றர் கண்ணாடி யன்னல் 30 அளவு. இப்போது யன்னலுக்கு மேலே பாருங்கள். நம் வீடுகளில் வழக்கமாக வைக்கும் காற்றுத் துவாரக் கற்கள், 4 அடி நீளம், 6 அங்குல உயரம். மொத்தம் 2 சதுர அடி, அதில் பாதி ஓட்டை என்றால் 1 சதுர அடி. சுவர் 100 சதுர அடி. சுவரில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மிச்சச் சுவர் எந்தக் கோட்டை மதிலாக இருந்தாலும், மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. ஒலி ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கு அந்த வழியாக உள்ளே வந்துவிடுகிறது. நூற்றில் ஒன்று என்பதுதான் 20 டெசிபல். கண்ணாடியை 6 மில்லிமீற்றரிலிருந்து 12க்கு மாற்றினாலும் காதுக்கு ஒரு மாற்றமும் தெரியாது.

கதவுக்கும் இதே கணக்கு. கதவின் கீழே ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி விட்டால் அது கதவின் பரப்பில் ஏறத்தாழ இருநூறில் ஒன்று. அந்தக் கதவு 23 டெசிபலுக்கு மேல் தடுக்காது. பழைய லூவர் யன்னல்கள் இன்னும் மோசம். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தாலும் இடுக்குகள் மூடுவதில்லை. லூவரை மூடினாலும் திறந்தாலும் இரவில் காதுக்குப் பெரிய வேறுபாடு தெரியாததற்குக் காரணம் அதுதான்.

எனவே வேலையின் ஒழுங்கு இப்படி இருக்க வேண்டும். முதலில் வீதிப்பக்கச் சுவரின் காற்றுத் துவாரங்களைக் கல் வைத்துப் பூசி மூடுங்கள். பலகை அடித்து மூடினால் விளிம்பில் சிலிக்கன் போட வேண்டும், இல்லாவிட்டால் பலகை அடித்த கூலி வீண். இரண்டாவது, வீதிப்பக்க லூவரை எடுத்துவிட்டு, றபர் பட்டி வைத்து இறுக மூடும், கதவுபோலத் திறக்கும் யன்னல் போடுங்கள். தள்ளும் அலுமினிய யன்னல் வேண்டாம், அதன் தண்டவாளத்தில் எப்போதும் இடுக்கு இருக்கும். மூன்றாவது கதவின் அடி. இவை முடிந்த பிறகுதான் கண்ணாடியின் தடிப்பைப் பற்றி யோசிக்க வேண்டும்.

அடைத்துவிட்டால் அறைக்குக் காற்று எங்கிருந்து வரும் என்பதைச் சேர்த்தே தீர்க்க வேண்டும். சாதாரண ஸ்பிளிற் ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை, இருக்கிற காற்றையே சுற்றவிடும். இரண்டு பேர் படுக்கும் அறையை முழுக்க அடைத்தால் காலையில் தலை கனக்கும். வழி, அமைதியான பக்கச் சுவரில் துவாரத்தை வைத்திருப்பது. அது இல்லாத அறை என்றால், சத்தம் நேரே வராமல் இரண்டு முறை வளைந்து வரும்படி உள்ளே பஞ்சு பதித்த ஒரு பெட்டியைத் துவாரத்தின்மேல் பொருத்தலாம். நம் தச்சர்கள் ஒருமுறை படம் வரைந்து காட்டினால் செய்துவிடுவார்கள்.

வேப்பமரமும் செவ்வரத்தை வேலியும் சத்தத்தைத் தடுக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நிழலுக்கும் தூசிக்கும் அவை நல்லவை. சத்தத்தை 5 டெசிபல் குறைக்க 30 மீற்றர் ஆழத்துக்கு அடர்ந்த காடு வேண்டும். மதில் உதவும், ஆனால் கீழ்வீட்டுக்கு மட்டும். வாகனத்தின் எஞ்சினும் ரயரும் யன்னலிலிருந்து தெரியாதபடி மறைத்தால் 5 டெசிபல் இறங்கும், இன்னும் உயர்த்தினால் 8, 10. மேல்மாடிக்காரர் மதிலுக்கு மேலால் வீதியை முழுதாகப் பார்க்கிறார், அவருக்கு மதில் இருப்பதும் இல்லாததும் ஒன்று. மேலே போகப் போக அமைதி என்ற எண்ணம் மூன்று நான்கு மாடிக் கட்டடங்களில் பொருந்தாது.

செலவே இல்லாத ஒரு தீர்வு உண்டு, படுக்கையறையை மாற்றுவது. வீதிப்பக்கம் கூடமும் குசினியும், பின்பக்கம் படுக்கை. கட்டும்போதே யோசித்தால் 15 டெசிபல் சும்மா கிடைக்கும். காற்று வரட்டும் என்று பெரிய படுக்கையறையை முன்னால் வைத்துக் கட்டும் பழக்கம், வாகனம் குறைந்திருந்த காலத்துப் பழக்கம்.

முற்பணத்துக்கு முன்

கைத்தொலைபேசி போதும். ஐபோனில் அமெரிக்காவின் தொழிற் பாதுகாப்பு, சுகாதார ஆய்வு நிறுவனமான நயோஷ் இலவசமாகத் தரும் ஒலிமானிச் செயலி 2 டெசிபல் பிழைக்குள் அளக்கும். அண்ட்ரொயிட் தொலைபேசிகளில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி, அதனால் அவற்றை இரண்டு வீடுகளை ஒப்பிட மட்டும் பயன்படுத்துங்கள். ஏ நிறையிடலில், படுக்கையறை யன்னலைத் திறந்து, அறையின் நடுவில் 15 நிமிடம். சராசரியையும் உச்சத்தையும் இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். கச்சான் பலமாக வீசும் நாளில் மைக்கில் காற்று மோதிப் பொய்யான எண் வரும், யன்னலுக்கு வெளியே நீட்டி அளக்காதீர்கள். பிறகு யன்னலை மூடி இன்னும் 5 நிமிடம். இரண்டுக்கும் வித்தியாசம் 5, 6 டெசிபல்தான் என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது, மேலே நிமிர்ந்து பாருங்கள். நேரம் முக்கியம். வேலைநாள் ஒன்றில் காலை ஆறு மணி, பாடசாலை விடும் ஒன்றரை மணி, இரவு பத்தரை. மூன்று தடவை போக முடியாதவர் காலை ஆறு மணிக்காவது போகவேண்டும்.

சத்தம் வெளியே இருந்துதான் வரும் என்றும் இல்லை. தொடர்மாடியில் தண்ணீர் மோட்டரைக் கொங்கிறீட் தட்டில் நேரே போல்ற் அடித்து வைத்திருப்பார்கள். அதிகாலை நாலரைக்குத் தாங்கி நிரம்பும்போது கட்டடம் முழுக்க அதிரும். கீழே தடித்த றபர் துண்டும், குழாயில் ஓர் அடி நெளியும் குழலும் வைத்தால் அடங்கும். சில ஆயிரம் ரூபா வேலை.

குடிவந்த பின் புதிதாகத் தொடங்கும் சத்தத்துக்குச் சட்டத்தில் வழிகள் உண்டு. ஒலிபெருக்கி என்றால் பொலிஸ். அனுமதிப்பத்திரம் இல்லாமல் பாவிக்க முடியாது, 2007இல் உயர் நீதிமன்றம் இரவு 10 முதல் காலை 6 வரை பொதுவாக அனுமதி கொடுக்கக்கூடாது என்று பணித்தது. திருவிழா போன்ற விசேட நாட்களுக்கு விலக்கு உண்டு. மரஆலை, வெல்டிங் கடை, அரைக்கும் மில் போன்றவை என்றால் சபையிடமும் மத்திய சுற்றாடல் அதிகாரசபையிடமும் எழுத்தில் முறையிட்டு, அந்த இடத்துக்குச் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். அளவீடு அந்தத் தொழிலிடத்தின் எல்லையில் எடுக்கப்படும். அதுவும் சரிவராவிட்டால் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்கீழ் பொதுத் தொல்லை என்று நீதவான் நீதிமன்றம் போகலாம். வீதியில் ஓடும் பஸ்ஸுக்கு இவற்றில் ஒன்றும் உதவாது. அதை வாடகை பேசும்போதே தீர்க்க வேண்டும்.

வாடகை உடன்படிக்கையில் இரண்டு வரிகள் கேட்டுப் போடலாம். வீட்டுக்காரர் தம் காணியில் புதிதாக மாடி கட்டத் தொடங்கினாலோ, கீழ்வீட்டைக் கடைக்கோ கராஜுக்கோ கொடுத்தாலோ, ஒரு மாத அறிவித்தலில் விலகிக் கழியாத முற்பணத்தைத் திருப்பிப் பெறும் உரிமை ஒன்று. வீதிப்பக்க யன்னலைக் குடியிருப்பவர் மாற்றினால் அந்தச் செலவை எத்தனை மாத வாடகையில் கழிப்பது என்பது மற்றது. வருடக் கணக்கில் இருக்கப்போகும் ஆள் கேட்டால் இரண்டாவதற்குச் சம்மதிக்கும் வீட்டுக்காரர்கள் உண்டு, யன்னல் அவர்களுடைய வீட்டில்தானே நிற்கப் போகிறது.

மீற்றரும் வேண்டாம், நேரமும் இல்லை என்பவர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. கடந்த மூன்று வருடத்தில் இந்த வீட்டில் எத்தனை குடும்பம் இருந்தது என்று, வீட்டுக்காரரிடம் ஒருதடவை, முன்னால் உள்ள கடைக்காரரிடம் ஒருதடவை. இரண்டு விடையும் ஒன்றாகவும், எண் ஒன்றோ இரண்டோ ஆகவும் இருந்தால் யன்னலைத் திறந்து படுக்கலாம். நாலு, ஐந்து என்றால் காலை ஆறு மணிக்கு வந்து பார்த்துவிட்டுப் பிறகு முற்பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.